இரத்தத்துக்கு வெளியே

1

2007ஆம் ஆண்டு பஹ்ரைன், குவைத், ஓமான், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகிய ஆறு நாடுகளைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பதிவேட்டைத் திறந்தன. மாரடைப்போடு வந்து சேரும் ஒவ்வொருவரையும் ஒரே படிவத்தில் பதிவதுதான் நோக்கம். மருத்துவ உலகில் ‘கல்ஃப் ரேஸ்’ என்று அறியப்படும் அந்தப் பதிவேட்டில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் இடம்பெற்றார்கள். அவர்களின் சராசரி வயது ஐம்பதுகளின் நடுவில் நின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வகைப் பதிவேடுகள் காட்டும் வயது அறுபதுகளில் இருக்கும். ஏறக்குறையப் பத்தாண்டுகள் முந்திக்கொண்டிருந்தது வளைகுடா. அதற்குள்ளும் அரபு நோயாளிகளைவிட இளையவர்களாக இருந்தவர்கள் தெற்காசியர்கள்.

இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் தெற்காசியர்களே பெரும்பாலும் இளைஞர்கள். வேலை விசா முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறவர்கள். முதியவர்களே இல்லாத ஊரில் நோயாளிகளும் இளையவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் இந்தத் திருத்தத்தைச் செய்த பிறகும் மிச்சம் ஒன்று இருக்கிறது. சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளை எடுத்து, தெற்காசிய நாடுகளுக்குள்ளேயே வாழ்பவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு வரும் வயது அங்கே 53.0, மற்ற நாடுகளில் 58.8. அந்தக் கட்டுரை 2007இல் வந்தது. ஆகவே இது விசா செய்யும் மாயம் மட்டுமல்ல.

வளைகுடாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த எந்தத் தமிழருக்கும் இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு என்று வயது சொல்லப்படும் சாவுச் செய்திகள் வாட்ஸாப் குழுக்களில் வருகின்றன. உடலை ஊருக்கு அனுப்ப யாரைப் பிடிக்க வேண்டும் என்ற விசாரிப்பு உடனே தொடங்கும். ‘நேற்றுகூட நன்றாகத்தான் இருந்தார்’ என்பார் அறையில் உடன் தங்கியவர். ‘போன மாதம்தான் மெடிக்கல் எடுத்தார், எல்லாம் நார்மல்’ என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவருடைய இரத்தப் பரிசோதனை நார்மலாக இருந்தும் தமனி நோயுற்றிருப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு நூறாண்டுக்கும் மேல் நீளமானது. அதில் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் தென்னிந்திய இரயில்வே ஊழியர்களுக்கும் இடம் இருக்கிறது. விடையும் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. அது இரத்தத்துக்கு வெளியே, திசுக்களைச் சூழ்ந்திருக்கும் நீரில் இருக்கிறது.

2

கொலஸ்ட்ராலை மனிதன் முதலில் கண்டது பித்தப்பைக் கற்களில். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரெல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பெயர் வைத்தார். 1910இல் ஜெர்மனியின் அடால்ஃப் விண்டாஸ், நோயுற்ற பெருந்தமனியின் சுவரில் ஆரோக்கியமான சுவரைவிடப் பல மடங்கு கொலஸ்ட்ரால் இருப்பதைக் காட்டினார். 1913இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் நிகொலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆய்வாளர், கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். சில மாதங்களில் முயல்களின் தமனிகளில் மனிதர்களுக்கு வருவதைப் போன்ற படிவுகள் தோன்றின.

அடுத்து ஒரு எளிய கேள்வி எழுந்தது. கொலஸ்ட்ரால் கொழுப்பு வகை, நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். கரையாத ஒன்று எப்படிப் பயணம் செய்கிறது? 1929இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மிஷேல் மாஷ்பஃப் குதிரையின் சீரத்திலிருந்து, புரதமும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கொழுப்புப்புரதம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். வெளியே புரதமும் நீரோடு ஒத்துப்போகும் மூலக்கூறுகளும், உள்ளே கொழுப்பும் கொலஸ்ட்ராலும் வைத்துக் கட்டிய நுண்ணிய உருண்டை. பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன், அதிவேகச் சுழற்சிக் கருவியில் இரத்தத்தைச் சுழற்றி, அடர்த்தியின்படி இந்த உருண்டைகளை வகை பிரித்தார். 1950இல் வெளிவந்த அவரது கட்டுரையிலிருந்துதான் நம் இரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் எல்டிஎல், எச்டிஎல் என்ற பிரிவினைகள் கிளைக்கின்றன.

இதுவரை எல்லாமே இரத்தத்துக்குள் நடந்த வேலை. காரணம் எளிது. இரத்தத்தை எடுப்பது சுலபம். ஒரு ஊசி போதும். அளக்க முடிந்ததை அளந்தார்கள். அளந்ததையே நோயாகவும் எண்ணத் தொடங்கினார்கள்.

3

இதற்குள் நம்மவர்கள் வருகிறார்கள். 1950களின் சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகள் ஒழுங்காகப் பேணப்பட்டன. பதிவேட்டில் இறந்தவரின் இனத்துக்கென்று ஒரு பத்தி உண்டு: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். டி. ஜே. தனராஜும் அவருடைய சக மருத்துவர்களும் அத்தகைய ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரும்பப் படித்தார்கள். இந்தத் தனராஜ்தான் பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர். 1959இல் ஓர் அமெரிக்க இதய மருத்துவ இதழில் அவர்களது முடிவு வெளியானது: இதயத் தமனி நோயால் இறந்தவர்களின் விகிதம் சீனரைக் காட்டிலும் இந்தியரிடம் பல மடங்கு. அன்றைய சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். கடல் தாண்டிய தெற்காசியரின் இதயத்தைப் பற்றி உலகம் பெற்ற முதல் எச்சரிக்கைகளில் ஒன்று அது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மருத்துவமனை. ஆனால் சாவில் மட்டும் இவ்வளவு வேறுபாடு.

அடுத்தது இந்தியாவிலேயே. இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, நாடு முழுவதும் இருந்த பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இரயில்வே ஊழியர்களின் ஐந்தாண்டு மருத்துவப் பதிவுகளைத் தொகுத்து 1967இல் வெளியிட்டார். தென்னிந்திய ஊழியர்களிடம் இதய நோய்ச் சாவு வட இந்தியரைவிடச் சுமார் ஏழு மடங்கு அதிகம். இறந்தவர்களின் சராசரி வயது தெற்கில் 44, வடக்கில் 52. வியப்பு இதோடு முடியவில்லை. பாலும் நெய்யும் வெண்ணெயுமாக மிக அதிகக் கொழுப்பு உண்டவர்கள் வட இந்தியர்கள்தான். உணவுக் கொழுப்பு, இரத்தக் கொலஸ்ட்ரால், மாரடைப்பு என்று நேர்கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கோட்டில் உட்காராத சான்றாகத் தென்னிந்தியர் நின்றார்கள். வேறு மாநிலம், வேறு சம்பளம், வேறு சாப்பாடு என்று பல காரணங்கள் கலந்த ஆய்வுதான்; இன்றைய அளவுகோலில் குறை சொல்ல இடம் உண்டு. ஆனால் கேள்வி செத்துவிடவில்லை.

அதே கேள்வி இலண்டனிலும் எழுந்தது. பால் மக்கீகும் அவரது குழுவினரும் சவுத்தால் பகுதியின் தெற்காசியர்களை ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டு 1991இல் எழுதினார்கள். தெற்காசியர்களின் மொத்தக் கொலஸ்ட்ரால் ஐரோப்பியரைவிட அதிகமில்லை. அதிகமாக இருந்தவை வேறு: இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத உடல், டிரைகிளிசரைடு. குறைவாக இருந்தது எச்டிஎல். சென்னையில் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற ஆய்வு 2001இல் வெளியானபோது, வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேரிடம் இதயத் தமனி நோயின் அடையாளம் இருந்தது.

ஆக, கொலஸ்ட்ரால் ‘நார்மல்’, ஆனால் தமனி நோயுற்றிருக்கிறது. இந்த முரணைப் புரிந்துகொள்ள இரத்தத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

4

எழுபது கிலோ எடை கொண்ட ஒருவரின் உடலில் இரத்த அணுக்களை நீக்கிய பிளாஸ்மா சுமார் மூன்று லிட்டர். செல்களுக்கு இடையில், நாளங்களுக்கு வெளியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் திசுநீர் பத்து லிட்டருக்கும் மேல். நம் செல்கள் இரத்தத்தில் வாழவில்லை. இந்த நீரில்தான் வாழ்கின்றன. இரத்தத்தில் ஓடும் எதுவும் தந்துகிச் சுவரைத் தாண்டி இந்த நீருக்கு வந்தால்தான் செல்லுக்குக் கிடைக்கும்.

நீர் எந்த விசையால் வெளியே கசிகிறது, எந்த விசையால் திரும்புகிறது என்பதை 1896இல் இலண்டனின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். இரத்தத்தின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரத்தப் புரதங்கள் உள்ளே இழுக்கின்றன. திரும்பாமல் எஞ்சுவதை நிணநாளங்கள் வடித்து, கழுத்தருகே மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. நம் ஊர் ஏரிப் பாசனத்தில் மதகுக்கு ஒரு வேலை, வடிகாலுக்கு ஒரு வேலை. வடிகால் தூர்ந்தால் வயல் அழுகும். உடலிலும் கணக்கு அதுதான்.

இந்த நீரில் கொழுப்புப்புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அறிவது எளிதாக இல்லை. ஊசியால் எடுக்கக்கூடிய அளவில் திசுநீர் எங்கும் தேங்கி நிற்பதில்லை. இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் டேவிட் ரைக்கல், நிக்கலஸ் மையன்ட் ஆகியோரின் குழு ஒரு வழியைப் பிடித்தது. காலில் ஓடும், நூல் போன்ற ஒரு நிணநாளத்தில் மெல்லிய குழாயைச் செருகி, சொட்டுச் சொட்டாக வரும் நிணநீரைச் சேகரித்தார்கள். நிணமுடிச்சை எட்டும் முன் எடுத்த நிணநீர் என்பது ஏறத்தாழ திசுநீரேதான். 1973இல் அவர்கள் வெளியிட்ட அளவு இது: எல்டிஎல் புரதம் இரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் காலின் நிணநீரில் இருந்தது. எல்டிஎல் உருண்டையின் குறுக்களவு இருபது நானோமீட்டருக்குச் சற்று மேல். தசையின் தந்துகிச் சுவரைத் தாண்டுவது அதற்குக் கடினம். எச்டிஎல் அதில் பாதி அளவுதான். அது கூடுதலாகக் கசிகிறது.

இந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற எண், பார்க்க அற்பமானது. ஆனால் டெக்சாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் அதை வைத்துத்தான் ஒரு பெரிய கணக்கைப் போட்டார்கள். செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி ஒன்று இருப்பதை அவர்கள் 1970களில் கண்டுபிடித்திருந்தார்கள். 1985இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு செல்லுக்குத் தேவையான கொலஸ்ட்ராலைப் பெற, அதைச் சூழ்ந்த நீரில் டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் எல்டிஎல் கொலஸ்ட்ரால் இருந்தால் போதும் என்பது ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் சொன்ன கணக்கு. திசுநீரில் 2.5 வேண்டுமென்றால் இரத்தத்தில் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 25 இருக்க வேண்டும். அதற்கு மேல் உடலின் செல்களுக்குத் தேவையில்லை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

நம் பரிசோதனைத் தாளில் நூறு வரை ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும். அது பலரும் அந்த அளவில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

5

காலின் திசுநீரில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், தமனிச் சுவரிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எல்ஸ்பெத் ஸ்மித் என்ற உயிர்வேதியியலாளர் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் உழைத்தார். மனிதப் பெருந்தமனியின் உள்ளடுக்கில் இருக்கும் நீரைத் தனியே ஆராய்ந்தார். அங்கே எல்டிஎல் பத்தில் ஒன்றாக இல்லை. அந்த மனிதரின் இரத்தத்தில் இருந்த அளவை ஒட்டியும், சில நேரம் அதையும் மிஞ்சியும் இருந்தது.

காரணம் தமனியின் கட்டுமானத்தில் இருக்கிறது. தமனிக்குள் அழுத்தம் அதிகம். அது பிளாஸ்மாவை உள்ளடுக்குக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையே மீள்தன்மை கொண்ட ஒரு தகடு இருக்கிறது. அதன் வழியே நீர் போய்விடும். எல்டிஎல் போன்ற பெரிய உருண்டை எளிதில் போகாது. நிணநாளங்களோ தமனியின் வெளி அடுக்கில்தான் இருக்கின்றன. ஆகவே காலின் தசையைப் போல உள்ளே வந்தது உடனே வடிவதில்லை. வடிகாலுக்குத் தூரத்தில் இருக்கும் வயல் அது.

தேங்குவதும் சிக்கிக்கொள்வதும் வேறு. 1995இல் கெவின் ஜான் வில்லியம்ஸ், ஐரா தபாஸ் இருவரும் நோயின் தொடக்கப் புள்ளி இந்தச் சிக்கல்தான் என்று வாதிட்டார்கள். உள்ளடுக்கில் புரோட்டியோகிளைக்கன் என்ற எதிர்மின் சுமை கொண்ட நார்கள் நிறைந்திருக்கின்றன. எல்டிஎல்லைச் சுற்றியிருக்கும் அப்போ-பி என்ற புரதத்தில் நேர்மின் சுமை கொண்ட பகுதிகள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியது அங்கேயே சிதைகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கியவை நுரைத்த செல்களாகிச் சாகின்றன. புண் ஆறாமல் வளர்கிறது. 2002இல் சுவீடனைச் சேர்ந்த யான் போரெனின் குழு ஒரு சோதனை செய்தது. நார்களோடு ஒட்ட முடியாதபடி மாற்றப்பட்ட அப்போ-பி கொண்ட எலிகளை உருவாக்கினார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஒத்த அளவில் இருந்தும், அந்த எலிகளின் தமனியில் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆக, நோய் என்பது ஓடுவதல்ல, தங்குவது. தங்குவதைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை உருண்டைகள் உள்ளே வருகின்றன, எத்தனை வருடங்களாக வந்துகொண்டிருக்கின்றன.

முதலாவது, சவுத்தாலின் புதிரை அவிழ்க்கிறது. என் தொழிலில் ஒரு வலையமைப்பின் சுமையை எத்தனை பைட் என்றும் அளக்கலாம், எத்தனை பாக்கெட் என்றும் அளக்கலாம். சிறிய பாக்கெட்டுகள் ஏராளமாக ஓடினால் பைட் கணக்கு சாதுவாகத் தெரியும், கருவி திணறும். டிரைகிளிசரைடு அதிகமாகவும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமலும் இருக்கும் உடலில் எல்டிஎல் உருண்டைகள் சிறுத்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு. அதனால் அதே கொலஸ்ட்ரால் அளவுக்கு உருண்டைகளின் எண்ணிக்கை அதிகம். நம் பரிசோதனைத் தாள் கொலஸ்ட்ராலின் எடையைச் சொல்கிறது. சுவருக்குள் நுழைவது எடை அல்ல, உருண்டைகள். ஒவ்வொரு எல்டிஎல் உருண்டையிலும் ஒரே ஒரு அப்போ-பி இருப்பதால், அப்போ-பியை அளந்தால் உருண்டைகளை எண்ணியதாகிவிடும். இன்டர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்போடு மிக வலுவாகப் பிணைந்திருந்த அளவு அப்போ-பிக்கும் எச்டிஎல்லின் அப்போ-ஏ1 புரதத்துக்கும் இடையிலான விகிதமாக இருந்தது தற்செயல் அல்ல.

எச்டிஎல்லின் கதையும் இதையே சொல்கிறது. ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று பெயர் வாங்கிய இந்தச் சிறு உருண்டைகள் திசுநீரில் இறங்கி, செல்கள் வெளியேற்றும் கொலஸ்ட்ராலைப் பெற்றுக்கொண்டு நிணநாளம் வழியாகத் திரும்புகின்றன. 2013இல் சிங்கப்பூரில் வெரோனிக் ஆஞ்செலியின் குழுவும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் க்வென்டலின் ராண்டால்ஃபின் குழுவும் எலிகளில் இதைத் தனித்தனியே காட்டின. நிணநாளம் கெட்டால் திசுவிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறுவது தடைபடுகிறது. இரத்தத்தில் எச்டிஎல்லின் எண்ணை உயர்த்தினால் போதும் என்று நம்பித் தயாரித்த டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எண் உயர்ந்தது, மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. இரத்தத்தில் தெரியும் எண் வேறு, வெளியே நடக்கும் வேலை வேறு.

6

இரண்டாவது காரணியான காலத்தை நிரூபித்தவர்கள் பரம்பரையாக எல்டிஎல் கூடியவர்களும் குறைந்தவர்களும்.

கூடியவர்களின் வரலாற்றில் அரபு உலகுக்குச் சிறப்பிடம் உண்டு. 1964இல் பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெதிஸ் கச்சாதூரியன், லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதைத் தெளிவாக்கினார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்கு மிக இளம் வயதிலேயே தமனி நோய் வந்தது. பின்னாளில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்டுபிடித்த ஏற்பிதான் இவர்களிடம் பழுதாகியிருந்தது. சவூதி அரேபியா, அமீரகம், ஓமான், குவைத், பஹ்ரைன் ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட பதிவேட்டின்படி, சோதித்தவர்களில் 112 பேருக்கு ஒருவர் இந்தப் பரம்பரைக் கோளாறு உடையவர்.

குறைந்தவர்களைக் கண்டவர்கள் டெக்சாஸின் ஜோனதன் கோஹனும் ஹெலன் ஹாப்ஸும். 2006இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு மரபணு மாற்றத்தால் பிறப்பிலிருந்தே எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. நடுவயதில் மாத்திரை தொடங்கி எல்டிஎல்லை இதே அளவு குறைத்தால் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. குறைப்பின் அளவைவிட, எப்போதிலிருந்து குறைவு என்பது முக்கியம். இருபது வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் உள்ளடுக்கில் சிக்கியவற்றின் கூட்டுத்தொகைதான் நாற்பத்தைந்தில் நெஞ்சைப் பிடிக்கிறது.

இங்கேதான் வளைகுடா வாழ்க்கை இந்த உடலியலோடு மோதுகிறது. இருபத்தைந்தில் வந்து ஐம்பத்தைந்தில் திரும்புகிறவரின் முப்பது ஆண்டுகள், கூட்டுத்தொகை ஏறும் அதே முப்பது ஆண்டுகள். உட்கார்ந்த வேலை, அல்லது உடலை முறிக்கும் வேலையும் நள்ளிரவுச் சாப்பாடும், அறையில் முறைவைத்துச் சமைக்கும் எண்ணெய் மிதக்கும் குழம்பு, புகை, தூக்கமின்மை. இந்த ஆண்டுகளில் விசாவுக்காக அவர் பலமுறை இரத்தம் கொடுக்கிறார், மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார். அந்தச் சோதனை தேடுவது காசநோயையும் எச்ஐவியையும் போன்ற தொற்றுகளை. அதாவது அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவக்கூடியதை. அவரையே கொல்லக்கூடியதைத் தேடுவது அதன் வேலை அல்ல. அறையில் உடன் தங்கியவர் சொல்லும் ‘மெடிக்கல் நார்மல்’ இந்த நார்மல்தான்.

அமீரகத்துக்கு இந்த நோயின் அருமை தெரியாமல் இல்லை. 2008இல் அபுதாபி ‘விகாயா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட குடிமக்களுக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் அளக்கப்பட்டன. பதினெட்டு வயதிலிருந்தே அளந்தார்கள் என்பதுதான் அதில் சிறப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகம் 2016இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வும் பதினெட்டு முதல் நாற்பது வயது வரையிலான 20,000 குடிமக்களை இலக்காக வைத்தது. ஒரு நாடு தன் குடிமக்களை முதலில் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் அந்நாட்டில் வசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள் அல்லர். அல் ஐனில் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்காசிய ஆண் தொழிலாளர்களின் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். அவை ஒருமுறை எடுத்த படங்கள். ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது வேறு வேலை. வந்து போகிறவர்களை அப்படிப் பின்தொடர்வது கடினம். பாதிக் கதை துபாயிலும் மீதிக் கதை பரமக்குடியிலும் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளைகுடாவில் இளவயதில் நிகழும் எல்லாச் சாவையும் கொலஸ்ட்ராலின் தலையில் கட்டிவிட முடியாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் பதிவுகளை வெயிலின் அளவோடு பொருத்திப் பார்த்தது. கொளுத்தும் மாதங்களில் இதயச் சாவுகள் கூடின. சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று எழுதுவது காரணத்தைச் சொல்வதாகாது. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். வெயிலா, தமனியா, இரண்டுமா என்பதைப் பிரேதப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. சொல்லப்படாதபோது முதலாளிக்கும் பொறுப்பில்லை, மருத்துவத்துக்கும் பாடம் இல்லை, இறந்தவரின் தம்பிக்கும் எச்சரிக்கை இல்லை.

7

இந்த இதழை நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ படிக்கும் இரண்டாம் தலைமுறைக்கு இதில் என்ன இருக்கிறது? குடும்ப வரலாறு இருக்கிறது. அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ எந்த வயதில் இதயம் பாதித்தது என்பது. பலருக்கு விடை தெரியாது. ‘துபாயில் திடீரென்று இறந்துவிட்டார்’ என்பதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு மருத்துவச் செயல். இருபதுகளிலேயே ஒருமுறை கொழுப்பை அளந்துகொள்வதும், வாய்ப்பிருந்தால் அப்போ-பியைக் கேட்பதும் அப்படியே. நார்வேயின் கோரெ பெர்க் 1963இல் கண்டுபிடித்த எல்பி(ஏ) என்ற உருண்டை பெரும்பாலும் மரபணுவால் தீர்மானமாவது. அதை வாழ்நாளில் ஒருமுறை அளந்தாலே போதும். முடிவை வைத்து என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசிக்கொள்ளலாம். கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் நம் பங்கு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் நிலைமை பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைப் போல இல்லை. துபாய் 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி முதல் வடக்கு எமிரேட்டுகளின் தனியார் ஊழியர்களுக்கும் அது வந்துவிட்டது. அடிப்படைக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது என்ற தகராறு இருக்கும். ஆனாலும் முப்பது வயதுக்காரர் ஒருவர் நோய் இல்லாதபோதே ஒரு மருத்துவரைப் பார்ப்பதற்கு வழி முன்பைவிடத் திறந்திருக்கிறது.

சிங்கப்பூரில் தனராஜ் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. யாரோ எழுத்தர்கள் பல ஆண்டுகள் நிரப்பி வைத்திருந்த பதிவேட்டை எடுத்தார். இனம் என்ற பத்தியையும் சாவின் காரணம் என்ற பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினார். வளைகுடாவில் மருத்துவமனைப் பதிவுகள் இன்று கணினியில் இருக்கின்றன. நாடு, வயது, தொழில், நோய் எல்லாவற்றுக்கும் பத்திகள் உண்டு. உடல் ஊருக்குப் போகும்போது தூதரகங்களிலும் ஒரு பதிவு உருவாகிறது. இவற்றைக் கூட்டிப் பார்க்கத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. என் தொழிலில் இருக்கும் எவருக்கும் அது தெரியும். தமிழ்ச் சங்கங்கள் வளைகுடாவின் எல்லா ஊரிலும் இருக்கின்றன. உடலை அனுப்பும் பணியைப் பல சங்கங்கள் இரவுபகலாகச் செய்கின்றன. அனுப்புகிற ஒவ்வொருவரின் வயதையும், வேலையையும், கடைசியாகக் கொழுப்பு அளந்த தேதியையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், பத்து வருடங்களில் அதுவே ஒரு பதிவேடாகும்.